பி.கே.எம். மீள்தொடர்

பட்டைக் கட்டுவிரியனின் பெண்பாம்பில் மரபியலாளர் லால்ஜி சிங்கும் உடன் ஆய்ந்தோரும் கண்டு, 1980இல் விவரித்த டி.என்.ஏ. பகுதி. ஜி-ஏ-டி-ஏ என்னும் நான்கெழுத்துக் கோவையே இதில் அடுக்கடுக்காகத் திரும்ப வருகிறது. பாம்புகளின் பாலினக் குரோமோசோம் எப்படிப் பிரிந்தது என்பதற்கு இவ்வளவு தெளிவான தடயம் கிடைப்பது அரிது. மலைப்பாம்பில் பாலினக் குரோமோசோம் இணை உருவில் வேறுபடுவதில்லை. நாகத்திலும் விரியனிலும் பெண்ணுக்கே உரிய டபிள்யூ குரோமோசோம் தனித்துத் தெரியும். மீள்தொடர் அதில் செறிந்திருக்கும். இடைப்பட்ட நிலைதான் முக்கியம்: சாரையின் உறவான சில பாம்புகளில் டபிள்யூ அளவில் குறையவில்லை, ஆனால் மீள்தொடர் ஏறிவிட்டது. எனவே குவிதல் முந்தியது, உருமாற்றம் பிந்தியது என்று லால்ஜி சிங் கருதினார். பயனற்றதென ஒதுக்கப்பட்ட இவ்வகைத் தொடரைக் கொண்டே பின்னர் ஹைதராபாத்தில் மரபணு ரேகைச் சோதனை முறை ஒன்றையும் அவர் உருவாக்கினார்.