ஆடிப் பதினெட்டும் மார்ச் எட்டும்



1972-இல் ஒரு தாய் தன் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தார். பிறந்த தேதி கேட்டேன். "பிலவங்க வருசம், ஆடிப் பதினெட்டு நோம்பியன்னிக்குங்க சார்" என்றார். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பிலவங்க 1907-லும் வந்தது, 1967-லும் வந்தது. பையன் எதிரே நின்றதால் குழப்பமில்லை! 3-8-1967 என்று எழுதிக்கொண்டேன்.

அந்தப் பையனுக்கு இப்போது 58 முடிந்துவிட்டது. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று பென்ஷனுக்கு விண்ணப்பித்தால், திரும்பி வந்துவிட்டது. ஒரு பதிவில் ஆகஸ்ட் 3, இன்னொன்றில் மார்ச் 8. நான்கு மாதமாக அலைகிறார். போன வாரம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "சார், நான் எப்பத்தானுங்க பொறந்தேன்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோவையில் மென்பொருள் எழுதும் என் பேரனிடம் கேட்டேன். அமெரிக்காவில் மாதத்தை முன்னால் எழுதுவார்களாம். ஜாவாஸ்கிரிப்ட்டிடம் 03/08/1967 என்று கொடுத்தால் மார்ச் 8 என்றுதான் எடுத்துக்கொள்ளுமாம். 23/08 என்றிருந்தால் 23-ஆம் மாதம் கிடையாது என்று மாட்டிக்கொண்டிருக்கும். நாளும் 12-க்குள் இருந்தால் சத்தமில்லாமல் இடம் மாறிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஆண்டில் 132 நாட்களுக்கு இந்த ஆபத்து உண்டு.

மணிக்கும் ஒரு காலத்தில் இதே கதைதான். 1802-இல் மெட்ராஸ் வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம், மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னே இருப்பதாகக் கணித்தார். பம்பாய்க்கு அது 4 மணி 51 நிமிடம், கல்கத்தாவுக்கு 5 மணி 53 நிமிடம். மெட்ராஸில் நடுப்பகல் என்றால் பம்பாயில் பதினொன்றரை. ரயில்களுக்குப் பொது நேரமாக மெட்ராஸ் நேரத்தை வைத்துக்கொண்டார்கள். 1906 ஜனவரி 1 முதல் நாட்டுக்கே 5.30 என்று ஒரே நேரம் வந்தது. அப்போதும் கல்கத்தா 1948 வரை, பம்பாய் 1955 வரை தங்கள் நேரத்தை விடவில்லை.

தேதிக்கும் உலகப் பொது வழக்கம் ஒன்று 1988-இல் வந்தது. ஐஎஸ்ஓ 8601 என்று பெயர். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை: 1967-08-03. இதை வேறு விதமாகப் படிக்க வழியில்லை.

கணினி வேலையில் இருக்கும் கண்ணுகளா, உங்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே சேமிப்பது இந்த ஒரே வடிவத்தில் இருக்கட்டும். மணியும் சேர்ந்தால் எந்த ஊர் மணி என்பதையும் குறியுங்கள். பிறந்த நாளுக்கு மட்டும் மணியே வேண்டாம். அது எந்த நாட்டில் திறந்தாலும் அதே நாள்தான். திரையில் காட்டும்போது மாதத்தை எழுத்தில் காட்டுங்கள்.

அந்தத் தாய் சரியாகத்தான் சொன்னார். நானும் அன்றைக்கு ஆகஸ்ட் என்று எழுத்தில் எழுதியிருக்கலாம். திங்கட்கிழமை அவரோடு நானும் அலுவலகத்துக்குப் போகிறேன்.