மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, வலிகாமம் வடக்கிலிருந்த எமது வீட்டிலிருந்து ஐயா மீட்டுவந்த பெறுமதியான பொருள் ஒன்றே ஒன்றுதான்: அவருடைய 90 சி.சி. ஹொண்டா மோட்டார் சைக்கிள். வீடு இருந்த நிலம் பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிவிட்டது. ஆகவே அந்த வண்டிதான் எமக்கு எஞ்சிய சொத்து.

அக்காலத்தில் அரசாங்கம் வடக்கிற்கு விதித்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் அடங்கியது. களவாக வந்த பெற்றோல் சிறு போத்தல்களில் பொன்போல விலைப்பட்டது. குடாநாட்டின் வாகனங்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய் அப்படியல்ல. எனவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். வெண்புகையும் நாற்றமும் பின்தொடர மோட்டார் சைக்கிள்கள் வீதிகளில் இருமிக்கொண்டு சென்றன. இதனை எமது மக்களின் சாதுரியம் என்று போற்றி எழுதியவர்கள் பலர், நானும் எழுதியிருக்கிறேன். அதற்கு எஞ்சின்கள் கொடுத்த விலையை எவரும் எழுதவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து எஞ்சின் ஒயிலில் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்தது. மாற்றுவதற்கு நல்ல ஒயிலும் கிடைக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, கரவெட்டியில் மாமி வீட்டு மாட்டுக்கொட்டிலில் வண்டியை நிறுத்தி, பனம்பாயால் மூடிவிட்டு வன்னிக்குப் போனோம். போர்நிறுத்தத்தின் பின் 2002 ஏப்ரலில் ஏ9 வீதி யாழ்ப்பாணம்வரை திறக்கப்பட்டதும் திரும்பிவந்தோம். ஐயா மாமியிடம் சுகம் விசாரிக்குமுன் கொட்டிலுக்குத்தான் போனார்.

நான் கிக்கரை மிதிக்கப் போனேன். நெல்லியடியிலிருந்து வந்த மெக்கானிக் தடுத்தார். "தம்பி, அதில காலை வைக்காதையும். உள்ளே துருப்பிடிச்சிருந்தா எல்லாம் கிழிஞ்சு போகும்."

அவர் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒயில் விட்டு, இரண்டு நாள் பேசாமல் போய்விட்டார். மூன்றாம் நாள் கியரைப் போட்டு, பின்சில்லைக் கையால் மெல்ல மெல்ல அசைத்தார். நெடுநேரத்தின் பின் பிஸ்ரன் இளகியது. தாங்கியினுள் எஞ்சிய மண்ணெண்ணெய் பிசினாகியிருந்தது. சிறு கற்களையும் பெற்றோலையும் இட்டுக் குலுக்கித் துருவை வெளியேற்றினார். காபரேற்றரின் ஜெற் துளைகளை மென்மையான செப்புக் கம்பியால் சுத்தம் செய்தார். இரும்புக் கம்பி பட்டால் துளை பெருத்துவிடுமாம். பொயின்றை எமரித் தாளால் உரசினார். வெடித்துப்போன ரயர்கள், பிரேக் கட்டைகள், எஞ்சின் ஒயில் யாவும் புதிதாயின. எஞ்சின் உறுமியபோது ஐயா சிரித்தார்.

ஆனால் ஓடுவது வேறு, நம்பி ஏறுவது வேறு. ஐயாவுக்கு வேண்டியது ஒரே பயணம்தான். எமது ஊரின் எல்லை வரையாவது அதே வண்டியில் போய்வர வேண்டும். புறப்பட்டோம். நிழலோ வீடோ இல்லாத வல்லை வெளியில் எஞ்சின் அடங்கியது. சற்றுப் பொறுத்து மிதித்தால் வேலை செய்தது. இரண்டு கட்டை போனதும் மீண்டும் நின்றது. திரும்பி வந்தோம். மெக்கானிக் காபரேற்றரை இருமுறை பிரித்தும் பயனில்லை. ஐயா அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் வண்டி நின்ற கணத்தில் தாங்கி மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே புகுந்தது. மூடியிலிருந்த சிறு காற்றுத் துளையைக் குளவி மண் அடைத்திருந்தது! காற்று உட்புகாமையால் தாங்கியில் வெற்றிடம் ஏற்பட்டு, பெற்றோல் இறங்காமல் நின்றிருக்கிறது. ஒரு ஊசியால் தீர்ந்த வேலை.

மறுவாரம் மல்லாகத்தைத் தாண்டி, வீதி அடைக்கப்பட்டிருந்த இடம் வரை போனோம். தடைக்கு அப்பால் பற்றை மூடிக் கிடந்தது. நான் எஞ்சினை நிறுத்தப் போக, ஐயா என் தோளைத் தட்டி, "நிப்பாட்டாதை, ஓடட்டும்" என்றார். சில நிமிடங்கள் அப்படியே பின்னால் அமர்ந்திருந்தார்.

போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து எமது காணி விடுவிக்கப்பட்டபோது ஐயா உயிரோடு இல்லை. வண்டி இப்போது மாமியின் பேரனிடம் இருக்கிறது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமற் போனபோது அவனும் அதைச் சில மாதங்கள் மூடிவைத்தான். பிறகு எடுத்து ஓட்டியபோது இடைவழியில் நின்றுவிடுகிறது என்று தொலைபேசியில் சொன்னான்.

"முதலில் தாங்கி மூடியைப் பார்" என்றேன்.