ஜனநாயக நல ஆராய்ச்சிக்கான சிறு மானியங்கள்: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

ஓர் ஊரின் மக்கள் தம் பொதுக் காரியங்களை எவ்வளவு அறிவோடும் அச்சமின்றியும் ஒன்றுகூடி நடத்திக்கொள்கின்றனர் என்பதே அவ்வூரின் குடிமை நலம் எனப்படும். அந்நலத்தைக் களத்திற் சென்று ஆராய்வதற்காக, ஆராய்ச்சித் துறையில் அப்போதுதான் அடியெடுத்து வைத்துள்ள மாணவர்க்கும் இளம் ஆசிரியர்க்கும் சர்வகலாசாலைகளும் ஆராய்ச்சி ஸ்தாபனங்களும் அளிக்கும் சிறு தொகை இங்குச் சிறு மானியம் என்று குறிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 2006 முதல் ‘குடிமை நலக் குறியீடு’ என்னும் பெயரில் அறிக்கைகள் வெளிவருகின்றன. வாக்களித்தல், தொண்டு செய்தல் முதலியவற்றை அவை அளவைகளாகக் கொள்கின்றன. தமிழ்நாட்டுக் கிராமத்திற்கோ கிராம சபையும் ரேஷன் கடையும் பட்டா மனுவும் அவற்றினும் பொருத்தமான அளவைகளாகும்.

வரலாறு

இத்தகைய ஆராய்ச்சிக்குத் தமிழகத்தில் வழிகாட்டியவர், சென்னைச் சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக விளங்கிய கில்பர்ட் ஸ்லேட்டர் ஆவார். 1916ஆம் ஆண்டில் அவர் தம் மாணவர் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்குத் தத்தம் ஊர் செல்லும்போது அங்குள்ள நிலம், கூலி, கடன், கல்வி ஆகியவற்றை விசாரித்து எழுதி வருமாறு பணித்தார். அவ்வாறு எழுதப்பட்டவை 1918இல் நூலாயின. அந்நூலிற் கண்ட ஊர்களுள் ஒன்று, கள்ளக்குறிச்சியையும் அடக்கியிருந்த அக்காலத்துத் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த இருவேல்பட்டு. அதே ஊரைப் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930களில் மீண்டும் ஆராய்ந்து 1940இல் நூல் வெளியிட்டனர். பின்னர் எஸ். குகனும் ஜோன் மென்சரும் 1980களிலும், ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் 2008ஐ ஒட்டியும் அவ்வூருக்குச் சென்றனர். மாணவர் ஒருவரின் விடுமுறைக் குறிப்பில் தொடங்கியது, நிலவுடைமையும் சாதியும் அதிகாரமும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் எவ்வாறு மாறின என்பதற்குச் சாட்சியமாக வளர்ந்துவிட்டது.

சுதந்திரத்திற்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர்க்குக் குறு ஆராய்ச்சித் திட்டங்களை வழங்கிற்று. 1969இல் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் தோன்றிற்று. 1971இல் மால்கம் ஆதிசேஷையா சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தார். பழங்குடியினர் வாழ்வை ஆராய முற்படும் மாணவர்க்குத் தமிழ்நாட்டரசின் ‘தொல்குடி’ புத்தாய்வுத் திட்டமும் இப்போது துணை நிற்கிறது.

பிரதேசம்

விழுப்புரம் மாவட்டத்தினின்று பிரிந்து 2019 நவம்பர் 26இல் தமிழகத்தின் 34ஆம் மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியின் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை நிற்கிறது. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தவர் என்று கூறிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினரே இங்குப் பெரும்பான்மையினர். இப்பெயர் மலைவாழ்நரைக் குறிப்பதேயன்றிக் கேரளத்தாரைக் குறிப்பதன்று. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் ஜாகீர்தார்களின் ஆதிக்கம், நாடு குடியரசாகிக் கால் நூற்றாண்டு கடந்த பின்னும் இம்மலையில் நீடித்து, 1976இல்தான் முடிவுற்றது. 1906இல் வெளிவந்த பிரான்சிஸ் துரையின் தென்னார்க்காடு ஜில்லா கெஸட்டியர் இந்த ஜாகீர்களை வருணிக்கிறது. ஆயின் அது மேலிருந்து நோக்கிய அதிகாரியின் கண். இருவேல்பட்டுக்கு வாய்த்ததுபோல் ஊர்ப்பிள்ளையே எழுதிய குறிப்பன்று.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதனையடுத்துக் கல்வராயன் மலைமக்களின் அடிப்படை வசதிகள் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. இத்துணைப் பேர் மாண்ட பின்னரே மலைமேல் சாலையும் பள்ளியும் மருத்துவமும் எவ்வாறுள்ளன என்று நாடு கேட்டதென்பது, குடிமை நலத்தை ஆண்டுதோறும் குறித்துவைப்பார் இல்லாத குறையை நமக்கு உணர்த்துகிறது.

ஆராய்ச்சிப் பொருள்

தமிழகத்தில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பிரதேசம் எதுவும் அறிவிக்கப்படாமையால், பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனியதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் கல்வராயனுக்குப் பொருந்தாது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமுமே இங்குப் பற்றுக்கோடு. 2021 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களுள் கள்ளக்குறிச்சியும் ஒன்று. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டும். 500 பேர் வரை வாழும் ஊராட்சியில் ஐம்பதின்மர் வந்தாலன்றிக் குறைவெண் நிறைவேறாது.

எனவே ஆராய்ச்சி மாணவர் முதலில் விரித்துப் பார்க்கவேண்டியது தீர்மானப் புத்தகமே. கையொப்பங்கள் எத்தனை, கைநாட்டுகள் எத்தனை, பெண்கள் எத்தனை பேர், சென்ற மே மாதத்தில் கேட்ட பாலத்தை அக்டோபரிலும் அதே சொற்களால் மீண்டும் கேட்டிருக்கிறார்களா என்பவற்றை எண்ணிப் பார்த்தபின், கூட்டத்தில் கையொப்பமிட்டுவிட்டு வாய்திறவாமல் எழுந்து சென்ற மூதாட்டியின் திண்ணையில் அமர்ந்து, அவர் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது யாதெனக் கேட்டறிவது அடுத்த படியாகும். ஊர்க்கவுண்டர் கூட்டும் பழைய பஞ்சாயத்தும் சட்டம் கூட்டும் சபையும் எங்கே ஒன்றையொன்று தாங்குகின்றன, எங்கே மறிக்கின்றன என்பது இம்மலைக்கே உரிய வினா.

மானியம் செயற்படும் முறை

விண்ணப்பத்தில் வினாவும் களமும் முறையும் செலவுத் திட்டமும் இடம்பெறும். வழிகாட்டியின் பரிந்துரை வேண்டும். தொகை தவணைகளில் வரும். முடிவில் அறிக்கையோடு நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழும் ஒப்படைக்கப்படும். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைமேலுள்ள வெள்ளிமலைக்குப் பேருந்துக் கட்டணம், கடைசிப் பேருந்து போய்விட்டால் தங்குமிடம், குறிப்பேடுகள், படியெடுக்கும் செலவு, மரவள்ளி பிடுங்கும் நாளில் வேலையை விட்டுப் பேச வந்தவருக்கு இழந்த கூலி: இவையே இதன் உண்மையான கணக்கு. இத்தொகை பெரிதாயிருக்கவேண்டுவதில்லை, ஆனால் காலத்தில் வரவேண்டும். தவணை தாமதித்தால், மாணவர் தங்கியிருக்கவேண்டிய ஆறு மாதங்கள் ஆறு பயணங்களாகச் சுருங்கிவிடும்.

பயன்

இம்மாவட்டக் கல்லூரிகளுக்குத் தாய்ப் பீடமாகிய அண்ணாமலைச் சர்வகலாசாலையும் பிற ஸ்தாபனங்களும் சிறு மானியங்களை மலையிற் பிறந்து கல்லூரி ஏறிய முதல் தலைமுறையினருக்கே முதன்மையாக அளிப்பது நன்று. மலையின் வழக்கும் உறவுமுறையும் அறிந்தவரிடம் மக்கள் மறைவின்றிப் பேசுவர் என்பது ஒரு காரணம். பத்தாண்டு கழித்து அதே வினாக்களோடு அதே திண்ணைக்குத் திரும்பக்கூடியவரும் அவரே என்பது அதனினும் பெரிய காரணம். அறிக்கையின் ஒரு படி தமிழில் எழுதப்பெற்று, ஊராட்சி அலுவலகத்தில் தீர்மானப் புத்தகத்தின் அருகே வைக்கப்பட்டு, அடுத்த கிராம சபையில் உரக்க வாசிக்கப்படவேண்டும். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களே அதனைக் கேட்டுத் திருத்தும் அந்நாளில்தான் இவ்வாராய்ச்சி நிறைவுறும்.