கிண்ணம் ஒன்று, குவளை இரண்டு

கடலோரச் சிற்றூர்களில் உழைப்பின் நாள் ஞாயிறு எழுமுன்பே தொடங்கிவிடுகிறது. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் அமைந்த மீனவர் ஊராகிய பனித்திட்டும் அத்தகையதே. கடலுக்குச் செல்பவர்க்கு இருள் பிரியுமுன் ஒரு குவளை தேநீரோ வரக்காப்பியோ தேவைப்படுகிறது. பாகூர் வயல்களில் நடவு செய்வோர்க்கு வரப்பிலேயே ஒரு மிடறு வேண்டியிருக்கிறது. நகரத்து அலுவலகங்களிலோ 11 மணி ஆனதும் கோப்புகள் மூடப்படுகின்றன. வேலையும் காப்பியும் இவ்வாறு பிணைந்தது எப்படி? இவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டால், நாம் அரபுக் கடற்கரையில் போய் நிற்கிறோம்.

15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டுச் சூஃபிகளே காப்பியைப் பானமாக்கிப் பரப்பியவர்கள். அவர்கள் உலகைத் துறந்து குகையில் அமர்ந்தவர்கள் அல்லர். பகலில் கடைவீதியிலும் தொழிற்கூடத்திலும் உழைத்து, இரவில் திக்ரு மஜ்லிஸில் கூடியவர்கள். அயர்ந்த உடலை விழித்திருக்கச் செய்ய அவர்களுக்குக் கஹ்வா துணை நின்றது. 16ஆம் நூற்றாண்டில் காப்பியைப் பற்றியே ஒரு நூல் இயற்றிய அப்துல் காதிர் அல்ஜஸீரீ, கெய்ரோ நகரின் அல்அஸ்ஹர் வட்டாரத்தில் யமனியர் கூடிய காட்சியை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். திங்கள் இரவிலும் வெள்ளி இரவிலும் செம்மண்ணாலான பெரிய கலத்தில் கஹ்வா வைக்கப்படும். தலைவர் சிறு கிண்ணத்தால் அள்ளி, வலப்புறமாக ஒவ்வொருவர்க்கும் வழங்குவார். அங்கு வந்திருந்த பொதுமக்களுக்கும் அதே கலம், அதே கிண்ணம். இரவு வழிபாட்டில் பழகிய பானம், மறுநாள் அவர்களோடு பணியிடத்திற்கும் சென்றதில் வியப்பில்லை.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. ஹிஜ்ரி 917இல், அதாவது 1511இல், மக்காவின் அதிகாரியாக இருந்த கைர் பேக், மார்க்க அறிஞர்களைக் கூட்டிக் காப்பிக்குத் தடை விதித்தார். மக்கள் இரவில் கூடிப் பேசிப் பருகியதே அவர் கண்ணை உறுத்தியது. கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணையோ கூட்டங்களைக் கண்டித்ததேயன்றிப் பானத்தை விலக்கவில்லை. அதிகாரத்தை அஞ்சச் செய்தது காப்பியின் காரம் அன்று, அதைச் சுற்றிக் கூடிய சமத்துவமே என்று நாம் கருதுகிறோம்.

இப்பானம் நம் நாட்டை அடைந்ததற்கு ஹஜ்ஜுப் பயணமே வாயிலாக இருந்தது என்பது வழிவழிச் செய்தி. 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் இறைநேசர் மக்காவிலிருந்து திரும்புகையில் ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பர். அம்மலைத்தொடர் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

புதுச்சேரிக்கும் யமனுக்கும் இடையே இருந்த தொடர்பு இத்துணை இனிமையானதன்று. பிரெஞ்சுக் கம்பெனி மோக்கா துறைமுகத்தில் காப்பி வாங்கியது. 1715இல் அங்கிருந்து செடிகளைப் பெற்றுப் பூர்போன் தீவில், இன்றைய ரெயூனியனில், பயிரிட்டது. வணிகத் தகராறு முற்றவே, துய்மா ஆளுநராக இருந்த 1737இல் புதுச்சேரியிலிருந்து சென்ற கப்பல்கள் மோக்காவைப் பீரங்கியால் தாக்கின. திக்ரு மஜ்லிஸில் வலம்வந்த பானத்துக்காக நம் கரையிலிருந்தே குண்டுகள் சென்றன என்பது வரலாற்றின் விந்தை.

19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் விரிந்தபோது, அங்கே வியர்வை சிந்தியவர்கள் தமிழகத்து ஏழை உழவர்கள். 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் சில ஆண்டுகளுக்குள் அத்தோட்டங்களை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தமிழ்நாட்டிலோ காப்பி நடுத்தர வகுப்பின், சிறப்பாகப் பிராமணரின் பெருமைக்குரிய பானமாயிற்று. தேநீர் உழைப்பாளரோடும் முஸ்லிம்களோடும் சேர்த்து எண்ணப்பட்டது. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் இதனை எடுத்துக்காட்டியுள்ளார். உலகுக்குக் காப்பியை அளித்த சமுதாயம், இங்கே காப்பிக்கு அயலாகக் கருதப்பட்டது!

பானம் பிரிந்ததோடு நிற்கவில்லை, பாத்திரமும் பிரிந்தது. சிற்றூர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோர்க்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளைக் கொடுமை நாமறிந்ததே. உணவு விடுதிகளின் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் கூடாதென்று, 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்பு பெரியாரின் திராவிடர் கழகம் மறியல் நடத்தியது. அதே 1957இல் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. காப்பி வாரியம் தன் காப்பி நிலையங்களை மூடியபோது வேலையிழந்த ஊழியர்கள், ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே அவற்றை நடத்த முன்வந்தனர். புதுச்சேரி நேரு வீதியிலும் அத்தகைய இந்தியன் காப்பி ஹவுஸ் ஒன்று இடம்பெற்றது. பரிமாறியவரே உரிமையாளராகவும் ஆனார்.

இனி, அளவைப் பற்றியும் ஒரு சொல். காப்பியில் உறக்கத்தை விலக்கும் பொருள் காஃபீன். 1819இல் ஜெர்மானிய வேதியியலார் ரூங்கே அதனைப் பிரித்தெடுத்தார். ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவினும் ஏறத்தாழ இரு மடங்கு காஃபீன் உண்டு. நாம் கலக்கும் சிக்கரியில் அது அறவே இல்லை. 150 மில்லி லிட்டர் வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கும் என்றும், ஒரு நாளில் 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பி, தேநீர் இரண்டையும் தவிர்த்தால் உடல் இரும்புச்சத்தை இழக்காது. வேலை மிகுதியால் ஐந்தாறு கோப்பை பருகுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் அளவினும் பெரிதாக எண்ண வேண்டியது ஒன்றுண்டு. மேலாளர்க்குப் பீங்கான் கோப்பை, கடைநிலை ஊழியர்க்கு மூலையில் கவிழ்த்த குவளை என்னும் வழக்கம் நம் கடைகளிலும் பண்டகசாலைகளிலும் உண்டா? வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு நாம் எந்தக் குவளையில் ஊற்றுகிறோம்? அல்அஸ்ஹர் வட்டாரத்தில் செம்மண் கலத்தைச் சுற்றி அமர்ந்தவர்கள், அருகிலிருப்பவர் யார் என்று கேட்டுக் கிண்ணத்தை மாற்றவில்லை. காப்பியின் வரலாற்றைப் பெருமையோடு சொல்லும் நாம், அந்த ஒரே கிண்ணத்தையும் நம் இல்லங்களில் மீண்டும் எடுத்து வைப்போமாக.