வனேடியமும் வாஷரும்: ஃபோர்டு மாடல் டி பின் ஆக்சிலின் ஆயுள்

ஃபோர்டு மாடல் டி காரின் (1908–1927) உறுதியைப் பற்றி எழுதுவோர் வனேடியம் எஃகில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஃபோர்டின் உலோகவியல் வல்லுநர் சைல்டு ஹரால்டு வில்ஸ் அந்த எஃகைக் காருக்குள் கொண்டுவந்தது பெரிய காரியம்தான். ஆனால் பின் ஆக்சிலின் ஆயுளைத் தீர்மானித்தது அதனுள் கிடந்த மலிவான ஒரு வாஷர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் சக்கரத்தில் 40 பற்கள், அதைச் சுழற்றும் பினியனில் 11. இத்தகைய கூம்புப் பற்சக்கரங்கள் விசையைக் கடத்தும்போதே ஒன்றையொன்று விலக்கித் தள்ளவும் செய்யும். ஆக்சிலில் இருந்த ஹையாட் உருளை பேரிங்குகள் எடையைத் தாங்குமே தவிர, இந்தப் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கா. அந்தப் பொறுப்பு டிஃபரன்ஷியலின் இருபுறமும், இரண்டு எஃகு வாஷர்களுக்கு நடுவே செருகிய பாபிட் வாஷருக்குப் போயிற்று. பாபிட் மென்மையான உலோகக் கலவை. நாளாக ஆக வெடிப்பு விட்டு, துண்டு துண்டாக உதிரும். துகள்கள் கிரீசோடு கலந்து ஹவுசிங் முழுக்கச் சுற்றும். வாஷர் போன இடத்தில் கிரவுன் நகர்கிறது. பற்கள் நுனியில் மட்டும் கடிக்கின்றன. பிறகு அதுவும் இல்லை.

விளைவு கார் நின்றுபோவதோடு முடியாது. மாடல் டி-யின் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் பிடி சக்கரத்தை எட்டும் ஒரே வழி டிரைவ் ஷாஃப்ட், பினியன், கிரவுன். ஆகவே சரிவில் இறங்கும்போது வாஷர் நொறுங்கினால் மிதித்தும் பயனில்லை. மிஞ்சுவது பின் டிரம்மில் செயல்படும் கை பிரேக். அது நிறுத்திய காரை நகராமல் வைக்கவே போதுமானது.

பாபிட்டைத் தேர்ந்ததை மடமை என்று சொல்லிவிட முடியாது. அது எஃகைக் கீறாது, மணல் துகளைத் தன்னுள் புதைத்துக்கொள்ளும், வார்க்கவும் எளிது. சில ஆண்டுகள் ஓடி ஓயும் காருக்கு அது போதும். ஆனால் இந்தக் கார்கள் ஓயவில்லை. இன்று பழைய கார்களைப் புதுப்பிப்போர் ஆக்சிலைப் பிரித்ததும் முதல் வேலையாக அதே வடிவில் வெண்கல வாஷர் போடுகிறார்கள். மற்ற பாகங்கள் பெரும்பாலும் பழையவை. நம்பிக்கை மட்டும் புதியது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எஃகுக்கு உரிய இடமும் உண்டு, மறுக்கவில்லை. மாடல் டி-யில் ஆக்சில் ஷாஃப்டே சக்கரத்தைச் சுழற்றி, காரின் எடையால் வளையவும் செய்தது. இந்த இரட்டைச் சுமைக்கு நல்ல எஃகு தேவைப்பட்டது. இருந்தும் அடுத்து வந்த மாடல் ஏ-யில் ஃபோர்டு நம்பியது எஃகை மட்டுமல்ல, சுமை செல்லும் பாதையை மாற்றுவதையும். டிஃபரன்ஷியலின் தள்ளலைக் கூம்பு உருளை பேரிங்குகள் ஏற்றன. சக்கர பேரிங் ஹவுசிங்கின் மேல் அமர்ந்ததால் எடை ஷாஃப்டை விட்டு ஹவுசிங்குக்குப் போனது. நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வந்தது. ஷாஃப்டின் கூம்பிய முனையில் ஹப்பைச் சாவி எனும் சிறு உலோகத் துண்டால் பிணைத்து நட்டால் இறுக்கும் பழைய முறை மட்டும் அப்படியே தொடர்ந்தது. நட்டு தளர்ந்தால் சாவி அறுபடும் தொல்லையும் அதோடு தொடர்ந்தது.