குழலைப் பற்றிய கை

2008 நவம்பர் 26 நள்ளிரவு கடந்த வேளை. மும்பையின் கிர்காவ் சௌபாத்தியில் காவலர்கள் மறித்த கார், திரும்ப முயன்று சாலைத் திட்டில் மோதி நின்றது. ஓட்டிவந்தவன் சுடப்பட்டான். மற்றவன் அஜ்மல் கசாப். அவனுடைய ஏ.கே.47இன் குழலை உதவித் துணை ஆய்வாளர் துக்காராம் ஓம்பிளே கையால் பற்றிக்கொண்டார். ராணுவத்தில் பணியாற்றிவிட்டு 1991இல் காவல்துறைக்கு வந்தவர். அன்று அவரிடம் இருந்தது லத்தி மட்டுமே. குண்டுகள் அவர் உடலில் பாய்ந்தன, பிடி தளரவில்லை. அதற்குள் சகாக்கள் கசாப்பை வீழ்த்தினர்.

வீரம் என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆனால் வந்த பத்துப் பேரில் உயிருடன் சிக்கியவன் இவன் ஒருவனே. பயிற்சி எங்கே, ஏவியவர் யார், கடல்வழி எப்படி என்பதெல்லாம் நேரடிச் சாட்சியமாக நீதிமன்ற ஏட்டில் ஏறியது இவன் வாயிலாகத்தான். 2010இல் தீர்ப்பு; 2012இல் தூக்கு. ஓம்பிளே அந்தக் குழலை விட்டிருந்தால் வரலாற்றாசிரியனுக்குப் பத்துச் சடலங்களும் ஊகங்களுமே மிஞ்சியிருக்கும்.

2009இல் அவருக்கு அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது. சௌபாத்தியில் சிலையும் உண்டு. எனக்குப் பிடித்த மரியாதை வேறு: 2021இல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்ட சிலந்தி இனம் ஒன்றுக்கு ஆய்வாளர்கள் ‘ஐசியஸ் துக்காராமி’ என்று பெயரிட்டார்கள். குதிக்கும் சிலந்தி அது. வலை பின்னிக் காத்திருப்பதில்லை, பாய்ந்து பற்றும்.