இல்லத்திலிருந்து வாடகை வீட்டுக்கு: கிள்ளான் பள்ளத்தாக்கில் மாற்றுத்திறனாளிகளின் தற்சார்பு வாழ்வு

முன்னுரை

வயதுவந்த மாற்றுத்திறனாளி ஒருவர் பெற்றோரின் நிழலிலும் பராமரிப்பு இல்லத்தின் கட்டுப்பாட்டிலும் இல்லாமல், தாம் விரும்பிய இடத்தில் விரும்பியவாறு வாழ என்னென்ன வேண்டும்? மலேசியாவில் இக்கேள்விக்குக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. முதலில் இல்லம் என்றார்கள். பிறகு தொழிற்பயிற்சி என்றார்கள். அதன்பின் தடையற்ற போக்குவரத்தும் உரிமைச் சட்டமும் பேசப்பட்டன. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், ரவாங் ஆகிய வட்டாரங்களை முன்வைத்து இவ்விடைகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தற்சார்பு வாழ்வு இங்கே சட்டத்திலிருந்து பிறக்கவில்லை. பயிற்சி, வாடகை அறை, இரயில் நிலையம், வருமானம், சக மனிதர் ஆகியவை ஓரிடத்தில் கூடியபோதுதான் பிறந்தது என்பதும், அன்றாடம் இன்னொருவரின் கைகள் தேவைப்படுவோருக்கு அந்தக் கூட்டு மட்டும் போதாது என்பதும் இதன் வாதம்.

1. இல்லங்களின் காலம்

காலனிய ஆட்சியில் உடற்குறை உடையோருக்கான ஏற்பாடு என்றால் பெரும்பாலும் தனியிடம் என்றே பொருள். சுங்கை பூலோவில் 1930-இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பு அதன் மிகப் பெரிய வடிவம். வீடு, தோட்டம், வழிபாட்டிடம் எல்லாம் அங்கே இருந்தன. வெளியே போகும் உரிமைதான் இல்லை. பார்வையற்றோருக்காக ஆங்கிலிக்கன் திருச்சபை 1926-இல் மலாக்காவில் தொடங்கிய புனித நிக்கலஸ் இல்லம் பின்னர் பினாங்குக்கு மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946-இல் சமூக நல இலாகா அமைந்தபோதுதான் அரசாங்கம் இத்துறைக்குள் முறையாக நுழைந்தது.

1960-களில் பத்துமலை அருகே சிலாங்கூர் செஷயர் இல்லம் எழுந்தது. மனவளர்ச்சி குன்றியோருக்காகச் சிலாங்கூர், கூட்டரசுப் பிரதேசச் சங்கம் 1964-இல் உருவானது. இவற்றின் பணியைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. குடும்பம் கைவிட்டவர்களுக்கு அவை சோறும் கூரையும் தந்தன. ஆயினும் எப்போது எழுவது, என்ன உண்பது, யாரோடு அறையைப் பகிர்வது என்ற முடிவுகள் நிர்வாகத்திடமே இருந்தன. வயது முதிர்ந்தாலும் ஒருவர் இல்லவாசியாகவே இருப்பார், குடித்தனக்காரராக மாட்டார்.

2. பிரிக்பீல்ட்ஸ்: திட்டமிடாமல் அமைந்த துணை

1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழ வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்கான செங்கற்சூளைகள் இருந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ் எனப்பட்டது. பிறகு இரயில்வே பணிமனையும் தொழிலாளர் குவாட்டர்ஸும் வந்தன. தமிழ்நாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் குடியேறினர். கோயில், தேவாலயம், பள்ளி, சாப்பாட்டுக் கடை, வாடகை அறை என எல்லாம் நடக்கும் தூரத்தில் அமைந்த வட்டாரமாக அது வளர்ந்தது.

மலாயாப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தோன்றியது. போரில் பார்வை இழந்த மேஜர் டி.ஆர். பிரிட்ஜஸ் அதன் தொடக்கத்தில் முக்கியப் பங்காற்றினார். அதே ஆண்டு கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியின் பெயரில் 1953-இல் பிரிக்பீல்ட்ஸில் பயிற்சி மையம் திறக்கப்பட்டது. கூடை முடைதல் முதல் தொலைபேசி இயக்குநர் வேலை வரை அங்கே கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் உடம்புபிடித் தொழில் முன்னணிக்கு வந்தது.

பயிற்சியைவிடப் பயிற்சிக்குப் பின் நடந்ததுதான் இவ்வாய்வுக்கு முக்கியம். படிப்பு முடித்த பலர் ஊர் திரும்பாமல் அங்கேயே அறை எடுத்துத் தங்கினர். வெள்ளைக் கோல் பயிற்சியில் பழகிய தெருக்கள் அவர்களுக்கு மனப்பாடம். சங்கம் பக்கத்திலேயே இருந்தது. பேருந்தும் இரயிலும் எட்டும் தூரத்தில் இருந்தன. முன்பே குடியேறிய பார்வையற்ற நண்பர் ஒருவர் எந்தக் கடையில் கணக்கு வைக்கலாம், எந்தச் சந்தில் சாக்கடை மூடி உடைந்திருக்கிறது என்று புதியவருக்குச் சொல்லித் தருவார். சாலையைக் கடக்கக் கைகொடுப்பதும், பணத்தாளின் மதிப்பைச் சொல்வதும், சாப்பாட்டுத் தட்டில் எது எங்கே இருக்கிறது என்று விளக்குவதும் கடைக்காரர்களுக்கு அன்றாடப் பழக்கமாயின. யாரும் திட்டம் தீட்டாமலே ஒரு துணை அமைப்பு உருவாகிவிட்டது. பார்வையற்றோரின் உடம்புபிடி நிலையங்கள் தம்பி அப்துல்லா சாலையிலும் சுற்றுத் தெருக்களிலும் பெருகியபின், சொந்த வருமானமும் அதோடு சேர்ந்தது.

அடுத்த திருப்பம் 1964-இல் நேர்ந்தது. பார்வையற்றோர் தாமே நடத்தும் சங்கம் அவ்வாண்டு உருவானது. பார்வையற்றோருக்காகப் பிறர் நடத்தும் அமைப்பும் பார்வையற்றோரே நடத்தும் அமைப்பும் அருகருகே இயங்கத் தொடங்கியதால், சேவை பெறுவோர் அச்சேவையை விமர்சிக்கவும் ஓர் இடம் கிடைத்தது. 1986-இல் இவ்வமைப்புகளை இணைக்கும் தேசிய மன்றமும் அமைந்து, பிரிக்பீல்ட்ஸையே தலைமையிடமாகக் கொண்டது.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதன் பலத்திலேயே இருந்தது. வட்டாரம் மாறினால் துணையும் கலையும். 2001-இல் பிரிக்பீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்தபின் சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் எழுந்து வாடகை ஏறியது. 2010 அக்டோபர் 27-இல் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அங்கே லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தனர். வளைவுகளும் நீரூற்றும் புதிய போக்குவரத்து முறையும் வந்தன. நடைபாதையில் தொட்டுணரும் மஞ்சள் தடங்கள் பதிக்கப்பட்டிருந்தும், சில இடங்களில் அவை கம்பத்தில் முட்டின; சில இடங்களில் மோட்டார் சைக்கிள்கள் அவற்றின்மேல் நின்றன. நூற்றாண்டுப் பழமையான இரயில்வே குவாட்டர்ஸ் வரிசையும் இடிபட்டது. தெருவை மனத்தில் வரைந்து வைத்திருந்தவர்கள் மறுபடியும் வரைய வேண்டியதாயிற்று.

3. படிக்கட்டு எதிர்ப்பு

பார்வையற்றோருக்குத் தெரு துணை நின்ற காலத்தில், சக்கர நாற்காலியில் இருப்போருக்கு அதே தெரு தடையாக இருந்தது. ஐந்தடி நடைபாதையின் ஏற்ற இறக்கம், கடைவாசல் படி, பேருந்தின் உயரம் எதையும் அவர்களால் தாண்ட முடியவில்லை. 1990-களின் தொடக்கத்தில் கட்டடங்களில் அணுகலுக்கான மலேசியத் தரநிலைகள் வெளிவந்தன. ஒருசீர் கட்டடத் துணைவிதிகளில் 34ஏ விதி சேர்க்கப்பட்டது. 1994-இல் ஆசிய பசிபிக் மாற்றுத்திறனாளிகளின் முழுப் பங்கேற்புப் பிரகடனத்தில் மலேசியா கையொப்பமிட்டது.

ஆனால் 1996-இல் ஓடத் தொடங்கிய ஸ்டார் இலகு இரயிலின் நிலையங்கள் சக்கர நாற்காலிக்கு ஏற்றவையாக இல்லை. மாற்றுத்திறனாளர் அமைப்புகளின் எதிர்ப்பும் முறையீடும் தொடர்ந்தன. 1998-இல் வந்த புத்ரா இரயில் மின்தூக்கிகளோடு திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டு இடைவெளியில், ஒரே நகரில், ஒரே வகை இரயிலில் தென்பட்ட இந்த வேறுபாடு ஒன்றை உறுதிப்படுத்தியது: தடை தொழில்நுட்பத்தில் இல்லை, திட்டமிடுவோரின் எண்ணத்தில் இருந்தது. 2000-களில் தடையற்ற சூழலுக்கும் போக்குவரத்துக்குமான கூட்டியக்கம் பேருந்து சேவையிலிருந்து விமான சேவை வரை கேள்வி எழுப்பியது. 2007 ஜூலையில் சிப்பாங்கின் மலிவுக்கட்டண விமான முனையத்தில் சக்கர நாற்காலியினர் நடத்திய எதிர்ப்பு நாடெங்கும் செய்தியானது. நலன்கோரி நின்றவர்கள் உரிமைகோரும் குடிமக்களாகப் பொதுவெளிக்கு வந்த காலம் இது.

4. கிள்ளான்: தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

கிள்ளான் வட்டாரத் தமிழர் வரலாற்றில் இச்சிக்கல் வேறு உருவம் கொண்டது. தோட்டத்து லயத்து வீடு வசதியற்றது. ஆனால் தரையோடு இருந்தது. நடக்க இயலாத மகனும் மனவளர்ச்சி குன்றிய மகளும் வாசலில் உட்கார்ந்து நாலுபேரோடு பேச முடிந்தது. அண்டை வீட்டார் ஒரே வேலைக்குப் போய் ஒரே நேரத்தில் திரும்பியவர்கள். யார் வீட்டில் யாருக்கு என்ன தேவை என்பது லயம் முழுவதற்கும் தெரியும்.

1980-களிலும் 1990-களிலும் தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோது, பல குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. மின்தூக்கி இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்கள் அவற்றில் ஏராளம். நான்காம் மாடியில் வீடு கிடைத்த குடும்பத்தின் மாற்றுத்திறனாளிக்கு மருத்துவமனைக்குப் போகும் நாள்தான் வெளியே வரும் நாளாயிற்று. பெற்றோர் முதுமையடைந்து அவரைத் தூக்க முடியாமல் போகும்போது மீதமிருந்த ஒரே வழி இல்லம். 1995-இல் கொமுட்டர் இரயில் கிள்ளானைத் தலைநகரோடு அடிக்கடி இணைத்தபோதும், வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரையிலான தூரம் அப்படியே இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் தற்செயலாகக் கூடிய கூறுகள் கிள்ளானில் நகரமயமாக்கத்தால் சிதறின.

5. ரவாங்: முடிவெடுக்கும் உரிமை

அமெரிக்காவின் பெர்க்லியில் எட் ராபர்ட்ஸும் தோழர்களும் 1972-இல் தொடங்கிய தற்சார்பு வாழ்வு மையம் இத்துறையின் போக்கை மாற்றியது. கைகால் அசைக்க இயலாதவரும், உதவியாளரைத் தாமே தேர்ந்து வேலை வாங்கினால், தற்சார்பாக வாழ்பவரே என்பது அதன் கொள்கை. ஜப்பானில் 1986-இல் ஹச்சியோஜி நகரில் நகானிஷி ஷோஜி முதலானோர் தொடங்கிய மையம் அக்கொள்கையை ஆசியச் சூழலுக்குக் கொண்டுவந்தது.

மலேசியாவுக்கு அது வந்ததும் பெரும்பாலும் ஜப்பான் வழியாகத்தான். ஜப்பானின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையான ஜைக்கா 2005 முதல் 2008 வரையும், 2009 முதல் 2012 வரையும் சமூக நல இலாகாவுடன் இரு கட்டங்களாகப் பணியாற்றியது. மாற்றுத்திறனாளிகளே பயிற்றுநராக நின்று பிறருக்குச் சமத்துவப் பயிற்சி அளிப்பதும், பணியிடத்தில் துணைநிற்கும் வேலை வழிகாட்டிகளும் அப்போது அறிமுகமாயின. சிலாங்கூரின் ரவாங்கில் ஜி. பிரான்சிஸ் சிவா தலைமையிலான தற்சார்பு வாழ்வுப் பயிற்சி மையம் இச்சிந்தனையை நடைமுறைப்படுத்திய அமைப்புகளில் முதன்மையானது. விபத்தில் முதுகுத்தண்டுவடம் பாதிக்கப்பட்டுப் படுக்கையில் கிடந்தவர், அதே நிலையைக் கடந்து வந்த ஒருவரிடமிருந்து கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், படுக்கைப்புண் வராமல் காக்கவும், சிறுநீர்க் குழாயைக் கையாளவும், மனச்சோர்விலிருந்து மீளவும் அங்கே கற்றார். சக்கர நாற்காலியில் இயங்கும் பத்மாவதி கிருஷ்ணன் முதுகுத்தண்டுவடக் காயமுற்றோருக்கான பணியில் முன்னின்று, பின்னர் செனட்டராகவும் நியமிக்கப்பட்டார். இவ்வியக்கத்தின் முன்னணியில் தமிழர் பெயர்கள் இருப்பதைத் தமிழ் வாசகர்கள் பெரிதும் அறியாதிருப்பது நம் சமூக வரலாற்றெழுத்தின் குறை.

கற்றல் குறைபாடு உடைய பெரியவர்களிடமும் இதற்கிணையான மாற்றம் நிகழ்ந்தது. தமக்காகத் தாமே பேசும் அவர்களின் யுனைட்டட் வாய்ஸ் அமைப்பு 2005-இல் முறைப்படி பதிவு பெற்றது. பெற்றோரும் ஆசிரியரும் பேசிக்கொண்டிருந்த மேடையில், கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, வாக்களித்து, செலவுக் கணக்குக் காட்டும் பொறுப்பு அவர்களிடமே வந்தது.

6. சட்டம் தந்ததும் தராததும்

2008-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) அவ்வாண்டு ஜூலை 7-இல் நடப்புக்கு வந்தது. 2010-இல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை மலேசியா ஏற்றது. 15, 18 ஆகிய பிரிவுகளுக்குத் தான் கட்டுப்படவில்லை என்று கூறிய அரசாங்கம், தற்சார்பு வாழ்வைப் பற்றிய 19-ஆம் பிரிவுக்கு அப்படிக் கூறவில்லை. எங்கே, யாருடன் வாழ்வது என்று தேர்வதற்கும், தனிப்பட்ட உதவியாளர் உள்ளிட்ட சமூகச் சேவைகளைப் பெறுவதற்கும் உரிய உரிமையை அப்பிரிவு கூறுகிறது.

உள்நாட்டுச் சட்டமோ மீறுவோருக்குத் தண்டனை விதிப்பதில்லை. அதன் 41-ஆம் பிரிவு அரசாங்கத்தை வழக்கிலிருந்து காக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) விதி சமயம், இனம், மரபு, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, உடற்குறையை விட்டுவிட்டது. இன்னொரு சிக்கல் 1993-இன் பராமரிப்பு மையச் சட்டத்தில் உண்டு. நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பராமரிப்புக்காக ஏற்றுத் தங்கவைக்கும் இடத்தை அது உறைவிடப் பராமரிப்பு மையமாகக் கொள்கிறது. துணையோடு வாழ நண்பர் நால்வருக்கு வீடு அமைத்துத் தர முனையும் அமைப்பு, பெரிய இல்லத்துக்குரிய உரிம விதிகளோடு மல்லுக்கட்ட நேர்கிறது.

உதவித்தொகையின் அமைப்பை நோக்கினால் அரசாங்கத்தின் கருதுகோள் தெளிவாகும். 2021 வரவு செலவுத் திட்டத்தின்படி, குறைந்த வருமானத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிக்கு மாதம் 450 வெள்ளி. வேலை செய்ய இயலாதவருக்கு 300 வெள்ளி. படுக்கையில் இருப்போரைக் கவனிப்பவருக்கு 500 வெள்ளி. மூன்றில் பெரிய தொகை மாற்றுத்திறனாளியின் கைக்கு வருவதில்லை. அவரைக் கவனிப்பவருக்குப் போகிறது. உடனிருந்து கவனிக்கும் தாயின் உழைப்புக்கு அது நியாயமானதே, உண்மையில் போதாததும்கூட. ஆனால் தாய் இல்லாத நாளில் தமக்கு வேண்டிய உதவியாளரைத் தாமே அமர்த்திக்கொள்ள மாற்றுத்திறனாளியின் பெயரில் வழங்கப்படும் தொகை இவ்வரிசையில் இல்லை. ஜப்பானில் உதவியாளரின் ஊதியத்தை அரசின் நலத்திட்டம் ஏற்பதால்தான் அங்குள்ள மையங்கள் நிலைத்தன. மலேசியா கொள்கையைக் கற்றது. அதைத் தாங்கிய நிதி ஏற்பாட்டை ஏற்கவில்லை.

முடிவுரை

கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு இருவகைத் தற்சார்பைக் காட்டுகிறது. ஒன்று இடத்தால் அமைவது. பிரிக்பீல்ட்ஸ் அதற்குச் சான்று. மற்றது ஆளால் அமைவது. ரவாங் அதற்கு முயன்றது. முதலாவதைக் காக்க நகரத் திட்டமிடலில் மாற்றுத்திறனாளிகளின் சொல் ஏற வேண்டும். மின்தூக்கி இல்லாத அடுக்குமாடிகளில் தரைமாடி வீடுகளை அவர்களுக்கு ஒதுக்குவது ஊராட்சி மன்றங்களால் உடனே செய்யக்கூடியது. இரண்டாவதற்கு, உதவியாளரை அமர்த்தும் தொகை மாற்றுத்திறனாளியின் பெயரிலேயே வழங்கப்பட வேண்டும். சிறு குழு வீடுகளுக்குத் தனி விதி வகுக்கப்பட வேண்டும். சட்டம் 685-இன் திருத்தத்தில் இவை இடம்பெறாவிட்டால், ஒப்பந்தத்தின் 19-ஆம் பிரிவு மலேசியாவில் காகிதத்தோடு நின்றுவிடும். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ச் சங்கங்களும் ஆண்டுக்கொருமுறை அன்னதானமும் அரிசி மூட்டையும் வழங்குவதோடு நில்லாமல், தத்தம் வட்டாரத்தில் மேல்மாடிகளில் அடைபட்டிருப்போரைக் கணக்கெடுத்து, அவர்கள் கேட்கும் துணையைக் கேட்டறிந்து செய்ய முன்வர வேண்டும்.